பத்து மீட்டரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்

மலேசியாவின் பாடாங் செராயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) டிவி, ரேடியோ, விசிறி பழுது பார்க்கிறேன். சொந்த உபயோகத்துக்கு துளையும் செம்புப் பட்டையும் உள்ள வெரோ போர்டில், கெப்பாசிட்டரின் உள் மின்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் ஒன்று செய்தேன். நன்றாக வேலை செய்கிறது. அதைப் பார்த்த பத்து நண்பர்கள் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். செய்து கொடுக்கலாமா? என்ன விலை சொல்வது?"

தாராளமாகச் செய்து கொடுங்கள், தம்பி. பழுது பார்ப்பவர் கையில் மல்டிமீட்டருக்கு அடுத்து இருக்க வேண்டிய கருவி இதுதான். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் காயக் காய, அதன் உள் மின்தடை ஏறுகிறது. கொள்ளளவை அளந்தால் பல நேரம் சரியாகவே காட்டும். டிவி மட்டும் உயிர் பெறாது. வேலை செய்யும் வெப்பம் 10 பாகை கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில், காற்றுப் போகாத அலமாரிக்குள் இருக்கும் டிவிக்கு என்ன கதி என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் உங்களுக்காகச் செய்த ஒன்றும் பிறருக்காகச் செய்யும் பத்தும் ஒரே வேலை இல்லை. உங்கள் மீட்டர் 0.2 ஓம் கூட்டியோ குறைத்தோ காட்டினால் பழக்கத்தில் மனதுக்குள் சரிசெய்துகொள்வீர்கள். வாங்கியவருக்கு அது தெரியாது. அவர் நல்ல கெப்பாசிட்டரைக் கழற்றி வீசுவார், அல்லது கெட்டதை விட்டுவைப்பார். இரண்டு நண்பர்கள் ஒரே கெப்பாசிட்டரை அளந்து இரண்டு எண்களைப் பார்த்தார்களென்றால், பத்து மீட்டரின் மேலும் இருந்த நம்பிக்கை அன்றே போய்விடும்.

வித்தியாசம் பெரும்பாலும் வருவது, அளக்கத் தொடும் முனையான புரோப்பின் வயரிலிருந்து. இந்த மீட்டர் பொதுவாக 100 கிலோஹெர்ட்ஸில் அளக்கிறது. ஒரு மீட்டர் நீள வயரின் தூண்டல் (மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை) ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. அந்த அலைவெண்ணில் அது 0.6 ஓம் அளவுக்குத் தடையாக நிற்கும். நல்ல 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் உள் மின்தடையே 0.1 ஓமுக்குக் கீழே இருக்கும்போது, வயரின் தடை அதை விழுங்கிவிடும். புரோப்களைத் தொடவைத்துப் பூஜ்ஜியம் செய்தாலும் முழுத் தீர்வு கிடைக்காது. வயர் விரிந்து கிடப்பதற்கும் சேர்ந்து கிடப்பதற்கும் அளவு மாறும். அதனால் எல்லா மீட்டருக்கும் ஒரே சுருளிலிருந்து ஒரே நீளம் வெட்டுங்கள். அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு வயரையும் முறுக்கி, போர்டிலேயே நேராகச் சோல்டர் வையுங்கள். பனானா பிளக் பார்க்க அழகுதான், ஆனால் தளர்ந்த பிளக் ஒவ்வொரு முறையும் வேறு எண் தரும்.

வெரோ போர்டை இத்தோடு விட்டுவிடுங்கள். போர்டு வரையும் கிகேட் மென்பொருள் இலவசம், அதில் வரைந்து சீனாவில் பிசிபி (அச்சிட்ட போர்டு) அடித்து வாங்குவது இப்போது மலிவு, ஐந்து போர்டு முதலே கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். சர்க்யூட் வேறொருவர் வரைந்ததா? வணிகத்துக்கு இல்லை என்று அவர் போட்டிருந்தால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். முதலில் மூன்றை மட்டும் கட்டி, உங்களிடம் தயவு பார்க்காத ஒரு நண்பரிடம் ஒன்றைக் கொடுத்து ஒரு மாதம் பாடுபடுத்தச் சொல்லுங்கள். மீதி ஏழு அதற்கப்புறம்.

ஒவ்வொன்றையும் அளந்து சரிபார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 1 விழுக்காடு பிழைக்குள் நிற்கும் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் போதும். 1 ஓம் ரெசிஸ்டர் பத்தை இணையாகச் சேர்த்தால் 0.1 ஓம் கிடைக்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டரை இதற்குத் தொடாதீர்கள். அதற்குள்ளேயே தூண்டல் இருக்கிறது. 0.1, 1, 10 ஓம் மூன்றிலும் அளந்து, மீட்டரின் வரிசை எண்ணோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 1 ஓமும் 10 ஓமும் பதித்த சின்னத் துண்டு ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் போட்டுக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் வாங்கியவரே சோதித்துக்கொள்வார்.

பேட்டரி இறங்கினாலும் எண் மாறக்கூடாது. 5 வோல்ட்டை நிலையாகத் தரும் ரெகுலேட்டராக 78எல்05 வைத்திருந்தால் 9 வோல்ட் பேட்டரி 7 வோல்ட்டுக்கு வரும்போதே தடுமாறும். எல்பி2950 போட்டால் 5.5 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும்.

அடுத்து, ஆளையும் மீட்டரையும் காப்பது. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கி நிற்கும். நூறு பேரில் ஒருவராவது டிஸ்சார்ஜ் செய்யாமல் புரோப்பை வைப்பார். உள்ளே செல்லும் வழியில் 400 வோல்ட் தாங்கும் தடுப்புக் கெப்பாசிட்டரும், எதிரெதிராக இரண்டு 1என்4007 டயோடும் கட்டாயம் இருக்கட்டும். கூடவே 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேஷன் செய்து ஒரு டிஸ்சார்ஜ் வயராகக் கொடுங்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை ஒரு நொடி சொச்சத்தில் இறக்கிவிடும். "முதலில் டிஸ்சார்ஜ், மல்டிமீட்டரில் பார், பிறகு அளந்திடு" என்று தமிழிலும் மலாயிலும் பெட்டி மேல் ஒட்டுங்கள்.

மீட்டரைப் பேட்டரியிலேயே ஓட விடுங்கள். சுவர் மின்சாரத்தில் ஓடும் அடாப்டர், புளூடூத் என்று ஆசைப்பட்டால் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்), சிரிம் (தரச் சான்று நிறுவனம்) அங்கீகாரம் என்ற வேறு உலகத்துக்குள் போக வேண்டிவரும்; பத்து மீட்டருக்கு அது கட்டுபடியாகாது.

விலைக்கு வருவோம். பொருள் 45 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சோல்டர், பெட்டி துளைப்பு, அளவு சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தால், மணிக்கு 12 வெள்ளி வீதம் 30. கெட்டுப்போகும் பாகத்துக்கும் தபாலுக்கும் 15. ஆக 90 வெள்ளி. நண்பர்கள்தானே என்று பொருள் விலைக்குக் கொடுக்காதீர்கள். நான்காவது மீட்டரிலேயே அலுத்துப்போய் வேலை மட்டமாகும். கை வேகம் குறைந்தால், கூலிமிலோ பாயான் லெப்பாசிலோ தொழிற்சாலையில் போர்டு சோல்டர் வைத்த அக்கா ஒருவர் உங்கள் தாமானிலேயே இருப்பார். அவர் கை நேர்த்தி நமக்கு வராது. கேட்டுப் பாருங்கள், கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுங்கள். தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையத்தில்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60.

பத்து மீட்டருக்குப் பன்னிரண்டு செட் பாகம் வாங்குங்கள். ஆறு மாதம் உத்தரவாதம் கொடுக்கலாம். புரோப் வயர் தேய்கிற பொருள், அது உத்தரவாதத்தில் சேராது என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். மாற்றித் தரும்போது வயர் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, அந்த மூன்று ரெசிஸ்டரிலும் மறுபடி அளந்து நோட்டில் எழுதிய பிறகு கொடுங்கள்.