பிரெஞ்சு கால்பந்து வீரர் பென்சிமாவைச் சமகால ஸ்ட்ரைக்கர்களோடு (கோல் அடிப்பதே முக்கிய வேலையாக உள்ள முன்கள வீரர்களோடு) ஒப்பிட்டால் எந்த இடம்? அவருக்கு ஏன் அந்த அளவு புகழ் இல்லை?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2017-18 சீசனில் அவரைத் திட்டித் தீர்த்தவர்களில் நானும் ஒருவன். ஸ்பெயினின் லா லிகா லீக்கில் அந்த வருடம் மொத்தமே 5 கோல். ஸ்ட்ரைக்கர்களுக்கே உரிய ஒன்பதாம் எண் சட்டை போட்டவருக்கு இது போதுமா என்று கோபம். அவருடைய க்ளப்பான ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் சொந்த ரசிகர்களே விசில் அடித்தார்கள். ஸ்பெயினில் விசில் என்றால் பாராட்டு இல்லை, ஏச்சு.

கோல் கணக்கை மட்டும் பார்த்ததுதான் என் தப்பு. 2009 கோடையில் ரொனால்டோவும் அவரும் ஒன்றாகத்தான் ரியல் மாட்ரிட்டுக்கு வந்தார்கள். அடுத்த ஒன்பது வருடம் பென்சிமா நடுவிலிருந்து விலகிப் போவார், தடுப்பாளரும் கூடவே போவார், காலியான இடத்துக்குள் ரொனால்டோ பாய்வார். 438 ஆட்டத்தில் 450 கோல் ரொனால்டோவுக்கு. இடத்தைக் காலி செய்து கொடுத்ததற்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

2017, ஐரோப்பிய க்ளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரணி அட்லெட்டிகோவின் மைதானம். முதல் ஆட்டத்தில் 3-0 ஜெயித்திருந்த ரியல், இங்கே ஆரம்பத்திலேயே 2 கோல் வாங்கி ஆடிப்போயிருந்தது. இடது மூலையில், கோல் கோட்டை ஒட்டி, பென்சிமாவைச் சுற்றி மூன்று பேர். ஓர் ஆள் நிற்கவே இடம் இல்லை. பந்தைக் கோட்டின் மேலேயே உருட்டிக்கொண்டு மூவரையும் தாண்டி வந்து சக வீரர் க்ரோஸுக்குக் கொடுத்தார். க்ரோஸ் அடித்ததை கோல்கீப்பர் தடுக்க, எகிறிய பந்தை இன்னொரு ரியல் வீரர் இஸ்கோ உள்ளே தள்ளினார். கோல் இஸ்கோ பெயரில்! அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, பாருங்கள்.

சரி, ஒப்பீடு. கோல் அடிப்பதை மட்டும் எடுத்தால் லெவன்டோவ்ஸ்கியும் சுவாரஸும் ஒரு படி மேல்தான். லெவன்டோவ்ஸ்கி 2020-21 சீசனில் ஜெர்மனியின் பண்டஸ்லிகா லீக்கில் 41 அடித்தார். சுவாரஸ் மெஸ்ஸி பக்கத்தில் ஆடிக்கொண்டே 2015-16 லா லிகாவில் 40. ஆனால் பந்தை வாங்கி, திருப்பி, அடுத்தவரை ஆடவைப்பதில் நான் பென்சிமாவைத்தான் முன்னால் வைப்பேன்.

புகழ் குறைந்ததற்கு பிரான்ஸ் அணியும் ஒரு காரணம். சக வீரர் சம்பந்தப்பட்ட வழக்கால் 2015 முதல் 2021 வரை அவருக்கு அங்கே இடமில்லை. 2018 உலகக் கோப்பையை பிரான்ஸ் அவர் இல்லாமலே ஜெயித்தது. எப்போதாவது கால்பந்து பார்ப்பவர்களுக்கு உலகக் கோப்பையில் பார்த்த முகம்தான் நினைவில் நிற்கும்.

அப்புறம் 2022 மார்ச். பாரிஸ் க்ளப்பான பிஎஸ்ஜியிடம் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் ரியல் 0-2 பின்தங்கிய நிலையில், 17 நிமிடத்துக்குள் பென்சிமா மூன்று கோல். முதல் கோலுக்கு அவரே ஓடிப்போய் கோல்கீப்பரை நெருக்கிப் பந்தைத் தவறவைத்தார். அந்த வருடம் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதும் அவருக்கே. வயது 34. ரொனால்டோ மாட்ரிட்டை விட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.