உமிக்கரியால் குடிநீரிலுள்ள ஆர்செனிக்கை நீக்க முடியுமா?

முடியும். ஆனால் வெறும் உமிக்கரி போதாது. குடிநீரில் கரியின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும், நீரில் ஆர்செனிக் இருக்கும் வடிவங்களில் ஒன்றான ஆர்சனேட்டும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும். கரிமேல் இரும்பு ஹைட்ராக்சைடைப் படியவைத்தால்தான் ஆர்செனிக் ஒட்டும். (கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.)

மூடியில் சிறு துளையிட்ட தகர டின்னில் உமியைச் சாம்பலாகாமல் கருக்குங்கள். கழுவிக் காயவைத்த கரி 1 கிலோவுக்கு, மஞ்சள் கட்டியாகக் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடு சுமார் 480 கிராம். இதில் இரும்பு 100 கிராம்தான். கரி முழுகும் அளவு நீரில் கரைத்து ஊறவிடுங்கள். ஃபெரிக் குளோரைடும் அடுத்து வரும் காஸ்டிக் சோடாவும் தோலை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, பிஎச் 7 (அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை) வந்ததும் நிறுத்துங்கள். ஏறத்தாழ 210 கிராம் சோடா செலவாகும். அவசரப்பட்டுக் கூடுதலாக ஊற்றினால் உமியிலுள்ள சிலிக்கா கரைந்து, ஆர்செனிக் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துருநிறம் வராதவரை அலசி, 105 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். அதிகம் சுட்டால் பூச்சு இறுகிப் பிடிப்புத்திறன் குறையும்.

பலரும் கோட்டைவிடுவது நீரைக் கரிக்கு விடுவதற்கு முந்தைய படியை. மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களிலும் வங்கதேசத்திலும் அடிகுழாய் நீரில் இருப்பதில் பெரும்பகுதி ஆர்சனேட் அல்ல, மூவிணைதிற ஆர்செனிக் என்ற இன்னொரு வடிவம். அதற்கு மின்னேற்றமே கிடையாது, வடிகட்டியில் சரியாக ஒட்டாமல் தாண்டிப் போகலாம். ஆகவே அதை ஆர்சனேட்டாக மாற்ற முதலில் நீரில் பிளீச்சிங் கரைசல் விடுங்கள். அரைமணி கழித்தும் லேசாகக் குளோரின் வாசனை இருக்க வேண்டும். நீரிலுள்ள இரும்பு செம்பழுப்பாகப் படியும், கொஞ்சம் ஆர்செனிக்கும் அதோடு இறங்கும். மணலில் வடித்த பிறகே கரிக்கு விடுங்கள்.

5 லிட்டர் கரி நிரப்பிய குழாயில் மணிக்கு 20 லிட்டருக்கு மேல் ஓடக்கூடாது. 1 லிட்டர் பாட்டில் நிரம்பக் குறைந்தது 3 நிமிடம்.

எத்தனை நாள் வரும்? கரி கிராமுக்கு 0.5 மில்லிகிராம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் உள்ள நீரில் 1 கிலோ சுமார் 2,500 லிட்டருக்குத் தாங்கும். தினம் 20 லிட்டர் என்றால் 4 மாதம். ஃபாஸ்பேட் மிகுந்த நீரில் இதுவும் குறையும். வாலைநீரில் (காய்ச்சி வடித்த தூய நீரில்) சோதித்த ஆய்வக எண்களை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

தீர்ந்துபோன வடிகட்டி நிறத்திலோ ருசியிலோ காட்டிக்கொடுக்காது. மாதம் ஒருமுறை சோதனைப் பெட்டியால் பாருங்கள். பெட்டியிலுள்ள சோதனைத் தாள் மஞ்சளானால் கரியை மாற்றுங்கள். உலகச் சுகாதார அமைப்பின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த அளவில் தாள் தெளிவாகச் சொல்லாது, ஆய்வகத்துக்கும் அவ்வப்போது அனுப்புங்கள். நாள்கணக்கில் தேங்கி நாற்றமடித்தாலும் குடிக்காதீர்கள்: காற்றில்லாத இடத்தில் இரும்பு கரைந்து, பிடித்த ஆர்செனிக்கை மொத்தமாக விட்டுவிடும்.

அதனாலேயே பழைய கரியை வயலிலோ குளத்திலோ எருக்குழியிலோ கொட்டவே கூடாது. சிமென்டோடு கலந்து கட்டியாக்கி, நீர் தேங்காத இடத்தில் வையுங்கள்.