எத்தனை கலை போதும்? தற்காப்புப் பயிற்சி: கேள்வி பதில்

பள்ளியில் கராத்தேயில் ஆரம்பித்து, கல்லூரியில் ஜூடோவுக்குத் தாவி, முப்பது வயதுக்கு மேல் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியவன் நான். சிலம்பம் கொஞ்சம் தெரியும், ஆசான் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கலைகளைச் சேர்த்துப் பழகலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில்.

அண்ணா, மூன்று வருஷமாகக் கராத்தே பழகுகிறேன், பிரவுன் பெல்ட். கூடவே டேக்வாண்டோவும் சேர்ந்தால் தற்காப்புக்கு நல்லதா?

உதை அழகாகும். தற்காப்பு என்று பார்த்தால் பெரிதாக எதுவும் கூடிவிடாது, தம்பி. இரண்டுமே ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்று அடிக்கிற கலைகள். கம்பு எட்டும் தூரம், கால் எட்டும் தூரம், கை எட்டும் தூரம், அப்புறம் எதிராளி சட்டையைப் பிடித்துவிட்ட தூரம் என்று சண்டையைப் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் காலும் கையும் இருக்கின்றன. ஒருவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தால் என்ன செய்வீர்கள்? அந்த ஓட்டையை ஜூடோவோ மல்யுத்தமோதான் அடைக்கும்.

இது ஒன்றும் இன்றைக்கு முளைத்த யோசனை இல்லை. ஜப்பானில், பிடித்து எறிந்து மடக்கும் அந்த ஊர்க் கலையான ஜுஜுட்சுவைப் பழகிவிட்டு 1898-ல் இங்கிலாந்து திரும்பிய பார்ட்டன்-ரைட் என்பவர், கைத்தடி, பிரெஞ்சு உதைக் கலையான சவாத், குத்துச்சண்டை, ஜுஜுட்சு நான்கையும் இப்படித் தூரம் பார்த்துத்தான் இணைத்தார். தன் பெயரையும் ஜுஜுட்சுவையும் ஒட்டி அதற்கு 'பார்டிட்சு' என்று பெயர் வைத்தார். மனிதர் பிறந்தது நம் பக்கத்துப் பெங்களூரில்! லண்டனில் அவர் நடத்திய கிளப் சில வருஷங்களிலேயே மூடப்பட்டது. கணக்கு என்னவோ சரியான கணக்குதான்.

கராத்தே மாஸ்டர் ஒரு கையால் குத்தும்போது இன்னொரு கையை இடுப்புக்கு இழுக்கச் சொல்கிறார். பாக்ஸிங் கோச், கை தாடையை விட்டு இறங்கினாலே திட்டுகிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரி. சிக்கல் என்னவென்றால், நீங்கள் இரண்டு பேரிடமும் ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இடுப்புக்கு இழுக்கும் அந்தக் கை வெறுங்கை இல்லை. எதிராளியின் மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பிடித்து இழுக்கும் கை என்று பல கராத்தே ஆசிரியர்கள் விளக்குவார்கள். பிடி இருந்தால் அவன் நிலை தடுமாறுவான், உங்கள் குத்து இரட்டிப்பாக இறங்கும். பிடி இல்லாமல் சும்மா இழுத்தால் முகம் திறந்து கிடக்கும். குத்துச்சண்டையில் கையுறை போட்டுக்கொண்டு பிடிக்க முடியாது, திருப்பி அடி வருவதும் நிச்சயம். அதனால் அங்கே கை தாடையில்தான் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் உடம்புக்குப் புரிய முதல் கலை கொஞ்சம் ஊறியிருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு வருஷமாவது ஒன்றிலேயே நில்லுங்கள். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் பழைய கலை, ஒரு நாள் புதியது. வாடோ-ரியூ கராத்தேயை உருவாக்கிய ஒட்சுகாவும் கராத்தேக்கு வருவதற்கு முன்பே ஜுஜுட்சுவில் ஊறியவர்தான்.

இன்னொன்று, இரண்டு மாஸ்டர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறைத்துப் போய் மாட்டிக்கொண்டு, ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத மாஸ்டரைப் பார்த்தவன் நான்.

சார், சிலம்பம் தெருவில் எதற்கு உதவும்? கம்போடு யார் நடமாடுகிறார்கள்?

கம்பு வேண்டாம், காலடி போதும். நேர்கோட்டில் வருகிறவனுக்கு நேராகப் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகி நிற்கும் பழக்கத்தைச் சிலம்பம் போல வேறு கலை சீக்கிரம் தருவதை நான் பார்க்கவில்லை. குடையும் கைத்தடியும் கையில் வந்தால் அது கூடுதல் லாபம். கம்போடு சேர்த்து, வெறுங்கையும் காலும் கொண்டு மோதும் குத்துவரிசையும் சொல்லித்தரும் ஆசான் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் மேடையில் வீடு கட்டி, அதாவது எதிராளி இல்லாமல் அடிவைத்துக் கம்பு சுழற்றுவதோடு நின்றுவிட்டவருக்கு இது வராது. எதிரில் ஒருவர் நிஜமாகவே தொட வரும்போது விலகிப் பழகியிருக்க வேண்டும். அடி, தடுப்புகளைத் தனியாக வரிசையாய்ச் செய்து பழகும் கராத்தே கட்டாவும் அப்படித்தான். எதிர்ப்பு காட்டும் ஆள் இல்லாமல் பழகிய நான்கு கலைகளை விட, எதிர்ப்போடு பழகிய ஒரு கலை மேல் என்பேன். இதற்காக என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

எனக்கு 46 வயது, உட்கார்ந்த வேலை, முட்டி வலி. இனிமேல் ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. முட்டியை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு, ஜூடோ வகுப்பில் விழப் பழகுங்கள். எறிவது அப்புறம். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வது, கையை ஊன்றாமல் பாயில் தட்டிவிழுவது, இந்த இரண்டையும் வைத்தே பல மாதம் ஓட்டலாம். என்னைத் தெருவில் ஒருவரும் அடித்ததில்லை. மழை நாளில் மொட்டைமாடிப் பாசியில் மல்லாக்க விழுந்திருக்கிறேன். அன்று தலை தரையில் மோதாததற்குக் காரணம் கல்லூரி ஜூடோதான்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (ஜுஜுட்சு, ஜூடோ வழி வந்த தரைச் சண்டைக் கலை) பழகினால் தரையில் உருளத்தானே சொல்லித்தருகிறார்கள்? தெருவில் அது ஆபத்து இல்லையா?

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிக்கொண்ட முதல் யூஎஃப்சி போட்டியில், இந்த ஜியு-ஜிட்சுக்காரரான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரைப் பிடியால் பணிய வைத்தார். தரைச் சண்டை தெரியாதவன் தரையில் என்ன ஆவான் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அங்கே மெத்தை இருந்தது, எதிராளி ஒருவன்தான். தார் ரோட்டில் நீங்கள் ஒருவனைப் பூட்டிக்கொண்டு கிடக்கும்போது அவன் நண்பன் நின்று வேடிக்கை பார்க்க மாட்டான். அதனால் கீழே விழுந்தால் அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நிற்பதை முதலில் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண் நான். மூன்று நாள் பயிற்சி முகாம் போதுமா? திருப்பி அடித்தால் என் மேலேயே கேஸ் வருமா?

கத்தவும், உதறிவிட்டு ஓடவும் மூன்று நாளில் தைரியம் வரும். அதுவே பெரிய விஷயம். கை தானாக வேலை செய்ய மாதங்கள் ஆகும், அந்த முகாமோடு நிறுத்திவிடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் அந்த உரிமை தாக்குபவனின் உயிர் போகும் அளவு வரைகூட நீளும். ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. அவன் விழுந்த பிறகும் மிதித்தால், ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்தால், அது தற்காப்புக் கணக்கில் வராது. உதறியதும் வெளிச்சமும் ஆளும் இருக்கும் பக்கம் ஓடி 112-க்கு அழையுங்கள்.

எல்லாவற்றையும் கலந்த, இஸ்ரேலின் தற்காப்பு முறையான க்ராவ் மகா மாதிரி ஒரே வகுப்பில் சேர்ந்தால் வேலை முடிந்ததா?

அதை உருவாக்கிய இமி லிக்டன்ஃபெல்ட் முதலில் மல்யுத்தமும் குத்துச்சண்டையும் பழகியவர். வகுப்பு நல்லதா என்று பார்க்க ஒரு வழி: வாரத்தில் ஒரு நாளாவது மாணவர்கள் பாதுகாப்புக் கவசம் போட்டு நிஜமாக மோதுகிறார்களா? இல்லையென்றால் மாதச் சந்தாவை மிச்சம் பிடியுங்கள்.

கத்தியோடு வந்தால் எந்தக் கலை, அண்ணா?

ஓட்டம். நம்பிக்கை இல்லையென்றால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நண்பன் கையில் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து அரை நிமிஷம் குத்தச் சொல்லுங்கள். தடுத்துப் பாருங்கள், அப்புறம் சட்டையைப் பாருங்கள்.