டிஜே போட்டிக்கு நடுவரா? முதலில் மேடைக்கு முதுகைக் காட்டுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வரும் சனிக்கிழமை டிஜே நைட். உள்ளூர் டிஜேக்கள் மூன்று பேர், ஆளுக்கு அரை மணி நேரம். ஜெயிப்பவருக்குத்தான் நியூ இயர் நிகழ்ச்சி. காலேஜ் நாளில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் என்று என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். லேப்டாப்பில் பட்டனை அழுத்துகிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எதை வைத்து மார்க் போடுவது?
– வாசகர், சரவணம்பட்டி, கோவை

பதில்: கீபோர்டு வாசித்தவருக்குத் தாளம் தெரியும். இந்த வேலைக்கு அது போதும். மேடையைப் பார்க்காமல் ஸ்பீக்கருக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஓரமாக நின்று, காதால் மட்டும் மார்க் போடுங்கள். கையைத் தூக்கி ஆட்டுவது, புகை விடுவது, குமிழைத் திருகும்போது முகத்தைச் சுளிப்பது இதெல்லாம் வெறும் கூத்து. பாதி நேரம் அந்தக் குமிழில் ஒன்றும் நடப்பதில்லை.

பாட்டு மாறும் இடம்தான் பரீட்சை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது உள்ளே வரும். அந்தச் சில நொடிகளில் இரண்டின் அடியும் ஒரே அடியாக விழுகிறதா? ஒரே உரலில் இரண்டு பேர் இடிக்கும்போது உலக்கை முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டால் மார்க்கைக் குறையுங்கள். அடுத்து பேஸ், அதாவது நெஞ்சில் இடிக்கும் தாழ்ந்த சத்தம். புதுப் பாட்டின் பேஸை ஏற்றும்போது பழைய பாட்டின் பேஸை இறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓடினால் சத்தம் கூழாகிவிடும். ஒரு குரல் பாடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குரல் மேலே ஏறினால், ஆள் பாட்டைக் கேட்டுப் பழகவில்லை என்று பொருள்.

அடி சேர்ந்து விழுவதற்கு முழு மார்க்கையும் கொடுத்துவிடாதீர்கள். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி), இரண்டு இசைத்தட்டுகளின் வேகத்தையும் காதால் கேட்டுக் கையால்தான் சேர்க்க வேண்டும். 2012-ல் பயனியரின் கிளப் பிளேயருக்கே, வேகத்தைத் தானே சேர்த்துவிடும் 'சிங்க்' பட்டன் வந்துவிட்டது. பட்டனைத் தொட்டாலே பாவம் என்று சில மூத்தவர்கள் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பட்டனுக்கு ஒரு பலவீனம் உண்டு. பாட்டின் வேகம் சீராக இருக்கிறது என்று அது நம்புகிறது. 1970-களின் சினிமாப் பாட்டுகளில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் உட்கார்ந்து நேரடியாக வாசித்திருக்கும். சரணத்தில் ஒரு இழை ஏறும், பல்லவியில் இறங்கும். அங்கே பட்டன் வழுக்கும், காது உள்ளவன் தப்பிப்பான். அதனால் ஆளுக்கு ஒரு பழைய பாட்டை, ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு நீங்களே சொல்லுங்கள். வீட்டிலேயே மிக்ஸ் செய்து பென் டிரைவில் கொண்டுவந்து, மேடையில் சும்மா கையை ஆட்டுகிறவரும் இதிலேயே அகப்பட்டுவிடுவார்.

பாட்டைப் பட்டென்று வெட்டி மாற்றினால் மார்க் குறைப்பது வழக்கம். குத்துப் பாட்டில் மட்டும் இது பொருந்தாது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஏமாந்திருக்கிறேன்.

கிளப் பாட்டு 'தகதிமி, தகதிமி' என்று நான்கு நான்காக ஓடும். நம் குத்து 'தகிட, தகிட' என்று மூன்று மூன்றாக. மெல்லிசை மேடையில் நீங்கள் சிக்ஸ்-எயிட் என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால், திரையில் வேக எண் ஒன்றாகவே காட்டினாலும், உள்ளே சிதறும். நான்காக ஓடும் சதுஸ்ரத்தையும் மூன்றாக ஓடும் திஸ்ரத்தையும் எந்தப் பட்டனும் சேர்த்து வைக்காது. அதனால் விவரமான டிஜே அங்கே கலக்கமாட்டார், வெட்டுவார். வரி முடியும் இடத்தில் நிறுத்தி, ஓர் அடி மௌனம் விட்டு, அல்லது ஒரு விசில், ஒரு உருமி இழுப்பு போட்டு, குத்தை இறக்குவார். சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் இப்படியே அரை மணி நேரம் வெட்டி வெட்டி வாசித்தான். 'கலக்கவே தெரியவில்லை' என்று எழுதிக் கடைசி இடம் கொடுத்தேன். அப்புறம் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: அந்த அரை மணி நேரத்தில் ஆடிய ஒருவர்கூட உட்காரவில்லை. நல்ல வெட்டையும் திணறலையும் பிரிக்க உங்கள் காலை நம்புங்கள். கால் எந்த இடத்தில் அடுத்த அடியை எதிர்பார்க்கிறதோ, அங்கே பாட்டு வந்து விழுந்தால் அது வித்தை. பாடகர் பாதி வார்த்தையில் அறுபட்டால் அது திணறல். ஒரு தடவை தற்செயலாக அமையலாம். மூன்று தடவை பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் எக்கோவைப் போட்டுக் கரைப்பவரும் திணறுகிறவர்தான்.

முதலில் ஏறுபவருக்குக் காலி நாற்காலிகளும் குழந்தைகளும்தான் கிடைக்கும், கடைசி ஆளுக்கு ஏற்கெனவே சூடான கூட்டம். குதிப்பவர்களை எண்ணாதீர்கள். பாட்டு மாறும்போது எத்தனை பேர் ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்புகிறார்கள் என்று பாருங்கள்.

இனி சவுண்ட் சர்வீஸ்காரர். மூன்று டிஜேக்களில் ஒருவர் அவருடைய ஆளா என்று இன்றே விசாரியுங்கள். பல இடங்களில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவரே ஒரு டிஜேவுக்கு மேனேஜராகவும் இருக்கிறார். மற்ற இருவர் ஏறும்போது சத்தம் ஒரு மிடறு இறங்கும். யாருக்கும் தெரியாது. மனிதக் காது சற்று உரத்துக் கேட்பதையே நல்லது என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் காதும்தான். ஒரே இடத்தில் நின்று, போனில் உள்ள டெசிபல் ஆப்பில் மூன்று பேரையும் ஒப்பிடுங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் திருட்டைக் காட்டிக்கொடுக்கும். சத்தம் கிழியும்போது டிஜேயின் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் தப்பு டிஜே மேல். விளக்கு பச்சையாக இருந்தும் சத்தம் கிழிந்தால், பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய்ப் பாருங்கள்.

ஈவென்ட் மேனேஜர் கதை இதைவிட மோசம். ரீல்ஸைக் காட்டுவார், அதில் கேட்பது மேடைச் சத்தமே அல்ல, பின்னால் ஒட்டிய பாட்டு. சனிக்கிழமை கெட்டிக்கார ஆளைக் கொண்டுவந்து ஜெயிக்க வைத்து, டிசம்பர் 31 அன்று அசிஸ்டெண்ட் பையனை அனுப்புவார். 'ஜெயித்தவரே நேரில் வந்து வாசிக்க வேண்டும்' என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். அட்வான்ஸை டிஜே கையிலேயே கொடுங்கள். இடையில் யாருக்குக் கட்டிங் போகிறது என்பது உங்கள் தலைவலி இல்லை.

நேரத்தையும் கவனியுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் வருடத்துக்கு 15 நாள்தான். அதில் ஒன்றை உங்கள் சனிக்கிழமைக்கு யாரும் ஒதுக்கி வைத்திருக்கமாட்டார்கள். நடப்பது என்ன? ஆறரைக்கு என்று நோட்டீஸ் அடித்து, எட்டு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றி, சிறப்பு விருந்தினர் ஒன்பது வரை ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி, கடைசி டிஜேவுக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுப்பார்கள். பிறகு 'அவர் சரியில்லை' என்று தீர்ப்பு வேறு. மூவருக்கும் முழு அரை மணி கிடைக்காவிட்டால் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

அந்த ஷீட்டையும் முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். 'ஸ்டேஜ் பிரசன்ஸ் 25, காஸ்ட்யூம் 10' என்று இருந்தால் அடித்துவிட்டு, பாட்டு மாறும் இடத்துக்கு அந்த 35-ஐ மாற்றுங்கள். யார் முதலில் ஏறுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். குலுக்குவது உங்கள் கையாக இருக்கட்டும், சவுண்ட்காரர் கையாக வேண்டாம்.