கூட்டமா, முறையா? உறவுமுறைக் கேள்வி பதில்

பெருந்துறை வாசகர்: ஏனுங்க, ஒரே கூட்டத்துக்குள்ள பொண்ணு எடுக்கக் கூடாது. கொங்குக் கவுண்டர் கல்யாண விதி அவ்வளவுதானுங்களே?

பாதிதான். கூட்டம் என்பது அப்பா வழியில் வரும் குலப்பிரிவு; ஆந்தை, காடை என்பவை அதன் பெயர்கள். ஆந்தைக் கூட்டத்துக்கு ஆந்தைக் கூட்டம் பங்காளி, அங்கே சம்பந்தம் இல்லை. ஆனால் சித்தி மகளைப் பாருங்கள். அவள் அவளுடைய அப்பாவின் கூட்டம். நீங்கள் ஆந்தை, அவள் காடை என்றால் கூட்டம் தடுக்காது, முறை தடுக்கும். மாமன் மகளும் அத்தை மகளும் கட்டும் முறை. சித்தப்பா மகளும் சித்தி மகளும் தங்கை முறை. 1871இல் அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளிலேயே தமிழ் உண்டு. அம்மாவின் அண்ணனும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. கல்யாணத்தை விட்டுவிட்டால் இந்தச் சொற்கள் புரியாது என்று 1953இல் வாதிட்டவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன்.

வெள்ளகோவில் வாசகர்: ஒத்துக்க மாட்டேனுங்க. சித்தி கல்யாணமானதும் புருஷன் கூட்டம். அப்புறம் என்ன தங்கை?

சித்தி புருஷனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? சித்தப்பா. சித்தப்பா மகள் யார்?

அதே வாசகர்: ரெண்டு வழியில உறவு வந்தா?

இப்போது நல்ல கேள்வி. இரண்டு வழியையும் எழுதுங்கள். சம்பந்தம் பேசும்போது வாகான வழியை எடுத்துக்கொண்டு மற்றதைப் பேசாமல் விடுவதுண்டு. எதை விட்டார்கள் என்பதில்தான் விஷயம். ஒரு வீட்டில் கேட்டதைக் கொங்கு முழுக்க வழக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.

கல்லூரி மாணவி: வம்சாவளி எப்படி வரையறதுங்க?

ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, இறந்தவர்மேல் சாய்கோடு. நீலகிரித் தொதவரிடம் (தோடர்) ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் செய்ததுபோல ஆள் ஆளாகப் பெயர் கேளுங்கள். கூட்டம், குலதெய்வக் கோயில், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர் நான்கும் குறிக்க வேண்டும். "அத்தை மகனை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் விதிதான் பதிலாக வரும், நடப்பு வராது. ஆண்களிடம் மட்டும் கேட்டால் பெண்வழி இரண்டு தலைமுறையில் அறுந்துபோகும். அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், தனியாக உட்காருங்கள்.

கோபி வாசகர்: எங்க கூட்டம் எதுன்னு சொல்லுங்க.

இதே கேள்வியை அனுப்பிய மூன்றாவது ஆள் நீங்கள். பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பங்காளிகளைக் கேளுங்கள்.

தாராபுரம் வாசகர்: சொந்தத்துல கட்டினா குழந்தைக்குக் குறை வருமுங்களா?

மருத்துவரிடம் கேளுங்கள்.

திருப்பூர் வாசகர்: கொங்குத் தமிழ் அழிஞ்சு போச்சுங்களா?

ஒரு வீட்டில் மூன்று தலைமுறையை எடுத்து, யார் யாரிடம், எங்கே, எப்படிப் பேசுகிறார்கள் என்று கட்டம் போடுங்கள். பேரன் வகுப்பில் "ஏனுங்க" சொல்லாமல் அம்மாயியிடம் மட்டும் சொன்னால் பேச்சு புழங்கும் இடம் சுருங்கியிருக்கிறது. தன் பிள்ளையிடம் அவனே சொல்லாதபோதுதான் பேச்சு அடுத்த தலைமுறைக்குக் கை மாறவில்லை என்று பொருள். கன்னடம் பேசும் தேவாங்கர் வீட்டுக்கும் இதே கட்டம் போதும். மறுபடியும் சொல்கிறேன், ஒரு வீடு கொங்கு நாடு ஆகாது.

பல்லடம் வாசகர்: எங்க கூட்டம்...

கோபிக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.