மீந்துபோன பதினோரு மூட்டை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அக்கா, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து முதியோர் இல்லத்துக்காகப் பழைய துணி சேர்த்தோம். பதினெட்டு மூட்டை வந்தது. இல்லத்தில் ஏழு மூட்டைதான் எடுத்துக்கொண்டார்கள். மீதியெல்லாம் கிழிசல், சாயம் போனது, ஜிப் அறுந்தது. பழைய துணிக் கடைக்காரரும் வேண்டாம் என்றுவிட்டார். குப்பையில் போட மனசு வரவில்லை. இதையே ஏதாவது தைத்து விற்று, அந்த இல்லத்தின் மருந்துச் செலவுக்குக் கொடுக்கலாம் என்கிறாள் என் தோழி. நடக்குமா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: நடக்கும் தங்கச்சி. எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சில வருஷமாக இதைத்தான் செய்கிறோம். ஆனால் பதினோரு மூட்டையும் பையாக மாறிவிடும் என்று நினைக்காதே, கால்வாசி தேறினாலே பெரிய விஷயம்.

2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் போனவர்களைக் கேட்டுப் பார். எங்கிருந்தெல்லாமோ லாரி லாரியாக வந்த துணி சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவக் குடும்பங்கள்கூட அதைத் தொடவில்லை. அடுத்தவர் தூக்கிப் போட்ட கிழிசலை எதற்கு உடுத்த வேண்டும், அவர்களுக்கும் மானம் உண்டு இல்லையா? அந்தக் குவியலைப் பிரித்து எடுத்துப் பயன்படுத்தும் வேலையில் இறங்கியது டெல்லியில் இருக்கும் கூஞ்ச் அமைப்பு. 1999ல் அன்ஷு குப்தா ஆரம்பித்தது, 2015ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்தத் தகுந்த துணியைக் கிராமங்களில் குளம் வெட்டுவது, பாதை போடுவது போன்ற வேலைக்குக் கூலியாகக் கொடுக்கிறார்கள். உடுத்த முடியாததைக் கிழித்து அடுக்கித் தைத்து ‘சுஜ்னி’ என்கிற விரிப்பாக்குகிறார்கள், பை, பர்ஸ் செய்து விற்கவும் செய்கிறார்கள். அதே சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உபாசனா டிசைன் ஸ்டுடியோ, சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு மீந்த துணியில் விரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. ‘சுனாமிகா’ என்று பெயர். அதை விலைக்கு விற்பதில்லை, பரிசாகத்தான் தருகிறார்கள், விருப்பப்பட்டவர்கள் நன்கொடை கொடுக்கிறார்கள். கையளவு துண்டுத் துணியில்கூட இவ்வளவு செய்ய முடிகிறது.

சரி, உன் மூட்டைக்கு வருவோம். முதலில் எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவை. பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். வலை மாதிரி தெரிந்தால் நூல் நைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழு, ‘பர்’ரென்று கிழிந்தால் அது பைக்கு ஆகாது. இதைச் செய்யாமல் நாங்கள் முதல் முறை நாற்பது காட்டன் புடவைப் பை தைத்து விற்றோம், இரண்டு கிலோ அரிசி போட்டதும் ஒரு அம்மாவுக்குக் கைப்பிடி நடுரோட்டில் அறுந்து அரிசியெல்லாம் கொட்டிவிட்டது. அத்தனை பேருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தோம்.

எந்தத் துணியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. புடவையில் இடுப்புச் சொருகலும் கொசுவமும் போயிருக்கும், முந்தானை புதுசாகவே இருக்கும். சட்டையில் காலரும் அக்குளும் போயிருக்கும், முதுகுப் பக்கம் நன்றாக இருக்கும். ஜீன்ஸில் முட்டியும் உள்தொடையும் போனாலும் பின்பாக்கெட்டும் கால் கீழ்ப்பகுதியும் இரும்பு மாதிரி இருக்கும். அந்தக் கால் குழாயை முழங்காலுக்குக் கீழே வெட்டி அடியை மூடித் தைத்து நாடா கோத்தால் தண்ணீர் பாட்டில் பை தயார். இடுப்புப் பகுதி தோள் பையாகும். வீட்டு மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போடு, தையலும் தையலும் சந்திக்கிற தடித்த இடத்தைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஓட்டினால் ஊசி உடையாது. கைப்பிடி வைக்கிற இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு ஓட்டு ஓட்டிவிடு, பிடி பிய்யாது.

பழைய பட்டுப்புடவை வந்திருந்தால் கத்திரிக்கோலைக் கீழே வை. ஜரிகை இழையை நகத்தால் சுரண்டிப் பார், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல் வெள்ளி ஜரிகை. அதைப் பை தைப்பதைவிட ஜரிகை வாங்குபவர்கள் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுக் கொடுப்பது மேல், ஒரே புடவையில் நல்ல பணம் வரும். காட்டன் பனியன், டீ-ஷர்ட் எல்லாம் மெக்கானிக் ஷெட்டிலும் அச்சகத்திலும் எண்ணெய், மை துடைக்கக் கிலோ கணக்கில் வாங்குவார்கள். பட்டன், ஜிப் எல்லாவற்றையும் நீக்கி உள்ளங்கையைவிடப் பெரிய துண்டாக வெட்டிக் கொடு. பாலியஸ்டரைக் கலந்துவிடாதே, அது காட்டன் மாதிரி உறிஞ்சாது, அடுத்த முறை வாங்க மாட்டார்கள்.

விற்பனையில் எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. ‘பாவம், முதியோர் இல்லத்துக்காக வாங்குங்கள்’ என்று சொல்லி விற்காதே. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒரு முறைதான் வாங்குவார். பையைப் பார்த்ததும் கை நீள வேண்டும், பணம் எங்கே போகிறது என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். எங்களுக்கு நன்றாகப் போவது கொலு, வளைகாப்பு, கல்யாணத்துக்குத் தாம்பூலப் பைதான். ஒரு புடவையில் மூன்று மீட்டர் நல்ல துணி தேறினால் சின்னப் பை இருபது வரை வெட்டலாம், முன்பணம் வாங்கிக்கொண்டு தைத்தால் மீந்து கிடக்காது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. அதற்கு அப்புறம் துணிப்பை கேட்டு வருபவர்கள் எங்களுக்குக் கூடியிருக்கிறார்கள்.

தைப்பவருக்குக் கூலி கொடு. தர்மத்துக்குத்தானே என்று சும்மா தைக்கச் சொன்னால் இரண்டு மாதத்தில் யாரும் வர மாட்டார்கள், அது நியாயமும் இல்லை. ஒரு ஜீன்ஸ் தோள் பைக்கு எங்களுக்கு ஜிப், நூல் 25 ரூபாய், கூலி 70 ரூபாய், உள்துணி பழைய சட்டையிலேயே வந்துவிடும். விற்பது 220. ஒரு பைக்கு 125 ரூபாய் இல்லத்துக்குப் போகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் குடியிருப்பு வாசலில் ஒட்டிவிடு, கேள்வியே வராது.

கேள்வி: பழைய காட்டன் புடவையில் மாதவிடாய்த் துணி தைத்து நிதிக்காக விற்கலாமா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

பதில்: கூஞ்ச் அதைச் செய்கிறது, ஆனால் வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்கிற வேலை இல்லை அது. பழைய ரவிக்கைத் துணியில் இருந்த துருப்பிடித்த கொக்கியால் ஒரு பெண் இறந்துபோனதை அன்ஷு குப்தா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அங்கே துவைத்துக் காயவைத்து ஒவ்வொரு துண்டையும் சோதித்துத் தைக்கிறார்கள். உன்னிடம் சுத்தமான காட்டன் இருந்தால் அப்படி முறையாகச் செய்பவர்களுக்கு அனுப்பு. நிதிக்கு நீ கால்மிதி, கரித்துணி தைத்து விற்கலாம் கண்ணு.

கேள்வி: துணி கொடுத்தவர்கள் வருமான வரிக்கு 80ஜி ரசீது கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோவை)

பதில்: முடியாதுங்க. 80ஜி என்பது நன்கொடைக்குக் கிடைக்கிற வரிக் கழிவு. பொருளாகக் கொடுத்ததற்கு அந்தக் கழிவு இல்லை, பணமாகக் கொடுத்தால்தான் உண்டு, அதிலும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது. பை வாங்கியவர் பொருளை விலைக்கு வாங்கியிருக்கிறார், அதுவும் நன்கொடை ஆகாது. பணமாகக் கொடுக்க விரும்புகிறவர்களை, 80ஜி பதிவு உள்ள இல்லம் என்றால், இல்லத்தின் பெயருக்கே நேராகக் காசோலை எழுதச் சொல்லுங்கள், ரசீது அங்கிருந்து வரும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.