இரண்டு ப்ரெபொசிஷன் அடுத்தடுத்து வரலாமா?

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரி வந்து, ஒயிட் டவுனில் ஒரு தங்கும் விடுதியின் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். விருந்தினர் ஒருவருக்கு ‘தி ஆட்டோ வில் பிக் யூ அப் ஃப்ரம் பிஹைண்ட் தி சர்ச்’ என்று மெசேஜ் அனுப்பினேன். கூட வேலை செய்யும் அண்ணன் பார்த்துவிட்டு, “ஃப்ரம், பிஹைண்ட் ரெண்டும் சேர்ந்து வராதும்மா, ஒண்ணை எடுத்துடு” என்றார். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் படித்த ஞாபகம். ஆனால் வெளிநாட்டு விருந்தினர்கள் இப்படிப் பேசுவதைக் காதால் கேட்கிறேன். எதை நம்புவது?

பதில்: உங்கள் காதை நம்புங்கள். வாக்கியம் முழுக்கச் சரி. ‘பிஹைண்ட்’டை எடுத்துவிட்டால் ஆட்டோ சர்ச் வாசலில் நிற்கும் என்று விருந்தினர் நினைத்துக்கொள்வார், பின்பக்கம் போகவே மாட்டார்.

ப்ரெபொசிஷனுக்கு, அதாவது ஃப்ரம், பிஹைண்ட் போல இடத்தையோ காலத்தையோ காட்டும் சொல்லுக்கு, அடுத்து பெயர்ச்சொல்தான் வர வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது பாதி உண்மை. ‘ஃப்ரம்’ கேட்பது ஓர் இடத்தை. ‘தி சர்ச்’ ஓர் இடம் என்றால் ‘பிஹைண்ட் தி சர்ச்’ என்பதும் ஓர் இடம்தான். அந்த மூன்று சொல்லையும் ஒரே கட்டாகத் தூக்கி ‘ஃப்ரம்’முக்குப் பின்னால் வைக்கிறோம், அவ்வளவுதான்.

தமிழில் இதைச் சிறு வயதிலிருந்தே செய்துவருகிறோம். ‘சர்ச்சுக்குப் பின்னாலிருந்து’ என்கிறோமே, அதில் ‘பின்னால்’ ஒன்று, ‘இருந்து’ இன்னொன்று. ‘கட்டிலுக்கு அடியிலிருந்து’ என்பதில் அடி, இல், இருந்து என்று மூன்று அடுக்கு. நாம் பெயருக்குப் பின்னால் அடுக்குகிறோம், ஆங்கிலம் பெயருக்கு முன்னால் அடுக்குகிறது. அதனால் வரிசை தலைகீழ். தமிழில் கடைசியாக வருவது ஆங்கிலத்தில் முதலில் வரும்: ‘ஃப்ரம் அண்டர் தி பெட்’. அலமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கச் சொல்ல வேண்டுமா? ‘ஃப்ரம் ஆன் டாப் ஆவ் தி அல்மிரா’. இதில் மூன்று ப்ரெபொசிஷன் இருந்தும் ஒரு தவறும் இல்லை. (ஒட்டி இருப்பதைக் காட்டும் சொல்லை ‘ஆவ்’ என்றும், விலகுவதைக் காட்டும் சொல்லை ‘ஆஃப்’ என்றும் எழுதுகிறேன். உச்சரிப்பிலும் இந்த வித்தியாசம் உண்டு.)

வரிசை மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு உங்கள் வேலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பாரதி பூங்காவுக்கு எதிரே ராஜ் நிவாஸ் இருக்கிறது. அதை ‘அக்ராஸ் ஃப்ரம் தி பார்க்’ என்று சொல்ல வேண்டும். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது தமிழர் பகுதியிலிருந்து, ஒருவர் நடந்து வருகிறார் என்றால் ‘ஃப்ரம் அக்ராஸ் தி கேனால்’. இருப்பது அதே இரண்டு சொல்தான். முதலாவது எதிரே இருப்பதையும் இரண்டாவது அப்பாலிருந்து வருவதையும் சொல்கிறது. வழி கேட்கிறவரிடம் இதை மாற்றிச் சொன்னால் அவர் அலைய வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் இப்படி அடுக்க முடியாது. ‘ஃப்ரம்’முக்குப் பின்னால் அண்டர், பிஹைண்ட், இன்சைட், அபவ், பிட்வீன் எல்லாம் தாராளமாக வரும், ‘அட்’ வரவே வராது. பெட்டிக்குள்ளிருந்து எடுத்தால் ‘ஃப்ரம் இன்சைட் தி பாக்ஸ்’ அல்லது ‘அவுட் ஆவ் தி பாக்ஸ்’ என்பதே இயல்பு. மேசை மேலிருந்து எடுத்தால் ‘ஃப்ரம் தி டேபிள்’ அல்லது ‘ஆஃப் தி டேபிள்’ போதும். அமெரிக்கர்கள் பேச்சில் ‘ஆஃப் ஆவ் தி டேபிள்’ என்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அதைத் தவறாகப் பார்ப்பார்கள். நீங்கள் எழுதும்போது ‘ஆஃப்’ ஒன்றே போதும்.

‘டூ’ என்பது ‘ஃப்ரம்’ போல இல்லை. பூனை கட்டிலுக்கு அடியில் ஓடியது என்பதற்கு ‘டூ அண்டர் தி பெட்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ரேன் அண்டர் தி பெட்’ என்றாலே போய்ச் சேர்ந்த பொருள் வந்துவிடும். ‘கம் டூ ஹியர்’, ‘கோ டூ இன்சைட்’ என்று நம்மவர்கள் சொல்வதிலும் அந்த ‘டூ’ வேண்டாதது.

இடத்தைவிடக் காலத்தில்தான் நாம் தடுமாறுகிறோம், ஏனென்றால் இங்கே தமிழ் எப்போதும் கைகொடுக்காது. ‘பிறகு வரை’ என்றெல்லாம் நாம் சேர்ப்பதில்லை. ஆங்கிலம் சேர்க்கும். மதியம் 12 மணிக்குப் பிறகுதான் அறை கிடைக்கும் என்பதை ‘தி ரூம் வோன்ட் பி ரெடி அன்டில் ஆஃப்டர் ட்வெல்வ்’ என்று சொல்லுங்கள். பழைய வீடு ஒன்றைக் காட்டி, இது எப்போது கட்டியது என்று விருந்தினர் கேட்கிறார். புதுச்சேரி பிரெஞ்சு நிர்வாகத்திடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1 அன்று. அதற்கும் முன்பிலிருந்தே வீடு இருக்கிறது என்றால் ‘இட் ஹேஸ் பீன் ஹியர் சின்ஸ் பிஃபோர் 1954’. ‘சின்ஸ் 1954’ என்று மட்டும் சொன்னால் அந்த வருஷம்தான் கட்டினார்கள் என்று ஆகிவிடும்.

எண்ணுக்கு முன்னாலும் இப்படி வரும். கடலூர் பஸ் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் என்பதற்கு ‘இன் அண்டர் அன் அவர்’, மூன்று பேர் வரை தங்கலாம் என்பதற்கு ‘ஃபார் அப் டூ த்ரீ கெஸ்ட்ஸ்’. திங்கட்கிழமை தவிர என்பதற்கு ‘எக்ஸெப்ட் ஆன் மண்டேஸ்’.

இதுவரை பார்த்தவற்றில் முதல் ப்ரெபொசிஷன் இரண்டாவதைச் சுமந்தது. இன்னொரு வகை உண்டு. ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆவ் சேஞ்ச்’, சில்லறை தீர்ந்துவிட்டது. ‘புட் அப் வித்’, பொறுத்துக்கொள்வது. இவற்றில் ‘அவுட்’, ‘அப்’ இரண்டும் வினைச்சொல்லோடு ஒட்டியவை, ‘ஆவ்’, ‘வித்’ மட்டுமே அடுத்த பெயரோடு சேரும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘ரன் அவுட் ஆவ்’வில் அழுத்தம் ‘அவுட்’டில் விழும், ‘ஆவ்’ அடங்கிப்போகும். இவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்து அர்த்தம் தேடாதீர்கள். மொத்தமாக ஒரு வினைச்சொல்லாக மனப்பாடம் செய்வதுதான் வழி. பட்டியலாக அல்ல, வாக்கியமாக.

உங்கள் மெயில்களில் கட்டாயம் வரும் ஒன்று: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டூ’. இதன் பின்னால் ‘மீட் யூ’ என்று பலர் எழுதுகிறார்கள். அந்த ‘டூ’ ப்ரெபொசிஷன், அதனால் ‘மீட்டிங் யூ’ என்றுதான் வர வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டூ யுவர் விசிட்’ சரியாக வருகிறதல்லவா? அப்படி வந்தால் அங்கே ‘இங்’ வடிவம்தான்.

நம் ஊரில் எங்கும் காண்கிற வீண் சேர்க்கைகளையும் சொல்லிவிடுகிறேன். ‘டிஸ்கஸ் அபவுட்’ வேண்டாம், நம்முடைய ‘பற்றி’ அங்கே நுழைந்துவிடுகிறது. அறைக்குள் நுழைவது ‘என்டர் தி ரூம்’, அதில் ‘இன்டூ’ கிடையாது. கடைப் பலகைகளில் ‘ஆப்போசிட் டூ பஸ் ஸ்டாண்ட்’ என்று எழுதியிருக்கும். இடத்தைக் குறிக்கும்போது ‘ஆப்போசிட் தி பஸ் ஸ்டாண்ட்’ என்பதே நல்ல வழக்கு.

கடைசியாக, எழுத்தில் மட்டும் தெரியும் ஒரு விஷயம். கடற்கரைச் சாலையில் பாறை மேல் தாவினான் என்றால் ‘ஆன்டூ தி ராக்ஸ்’, சேர்த்து எழுதலாம். பஸ் கடலூரில் நின்று மேற்கொண்டு சிதம்பரம் போகிறது என்றால் ‘கோஸ் ஆன் டூ சிதம்பரம்’, பிரித்துத்தான் எழுத வேண்டும். இங்கே ‘ஆன்’ என்பது ‘தொடர்ந்து’ என்ற பொருளில் ‘கோஸ்’ஸோடு ஒட்டியது. அறைக்குள் வந்தார் ‘கேம் இன்டூ தி ரூம்’, பில் கட்ட உள்ளே வந்தார் ‘கேம் இன் டூ பே தி பில்’. விருந்தினரை வைஃபையில் நுழையச் சொல்லும் அட்டையிலும் ‘லாக் இன் டூ’ என்று மூன்று சொல்லாகவே அச்சடியுங்கள்.